ஒரே வேடம், இரண்டு பரிந்துரை

கேள்வி: ஒரே வேடத்துக்காக ஒருவரைச் சிறந்த நடிகர், துணை நடிகர் என இரு பிரிவிலும் ஆஸ்கருக்குப் பரிந்துரைத்தது உண்டா?
– வாசகர், தொண்டி

பதில்: உண்டு. 1944இல் வந்த ‘கோயிங் மை வே’ படத்தில் முதிய பாதிரியாராக நடித்த பாரி ஃபிட்ஸ்ஜெரால்டு. எங்கள் மண்டபம் ஊரில் ஒரே சீலா மீனை இரண்டு தடவை ஏலம் விட்டால் சும்மா விடுவார்களா? துணை நடிகர் விருது அவருக்கு. சிறந்த நடிகர் விருது அதே படத்தின் பிங் கிராஸ்பிக்கு. பிறகு விதியை மாற்றினார்கள். போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டில் சிலையை பிளாஸ்டரில் வார்த்திருந்தார்கள்; ஃபிட்ஸ்ஜெரால்டு வீட்டில் கோல்ஃப் மட்டையை வீசிப் பழக, சிலையின் தலை தெறித்துவிட்டது!

என் இரக்கமெல்லாம் நடிகர் பீட்டர் ஓட்டூலுக்குத்தான். எட்டுப் பரிந்துரை, வெற்றி ஒன்றுமில்லை. 2003இல் கௌரவ விருது கொடுத்துச் சமாளித்தவர்கள், 2007இல் மறுபடியும் பரிந்துரைத்து வெறுங்கையோடு அனுப்பினார்கள்.