எத்தனை கட்டங்கள்?

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு பக்கச் சித்திரக்கதை ஒன்றை வரைந்திருக்கிறேன். சலிப்புத் தட்டக் கூடாதென்று ஒவ்வொரு பக்கத்தையும் வெவ்வேறு விதமாகப் பிரித்தேன். நான்காம் பக்கத்தில் எந்தக் கட்டத்திலிருந்து எங்கே போவது என்றே தெரியவில்லை என்கிறார்கள் நண்பர்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை கட்டங்கள் இருக்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

நண்பர்கள் சொன்னது சரி. அந்தப் பக்கத்தில் இடப்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்கள், வலப்புறம் மேலிருந்து கீழ்வரை ஒரே நெடுங்கட்டம். கிழவி கதவைத் திறந்ததும் கண் கீழே இறங்குவதா, வலப்புறம் தாவுவதா? தாவியவர் கிணற்றில் மிதக்கும் உடலைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே அவள் கிணற்றடிக்கு நடப்பதைப் பார்ப்பார். நீங்கள் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த அதிர்ச்சி அங்கேயே வீணாகிவிடுகிறது.

உடலை ஐந்தாம் பக்கத்துக்கு நகர்த்தினாலும் போதாது. விரித்த புத்தகத்தில் நான்கும் ஐந்தும் அருகருகே இருக்கும். படிக்கும் முன்பே கண்ணில் பட்டுவிடும். ஆறாம் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். தாளைத் திருப்பிய பிறகே அது தெரிய வேண்டும்.

எண்ணிக்கைக்கு விதி கிடையாது. 1955இல் வெளிவந்த 'மாஸ்டர் ரேஸ்' கதையைத் தேடிப் பாருங்கள். நியூயார்க் சுரங்க ரயிலில், பழைய நாஜி முகாம் அதிகாரி ஒருவன் தனக்குத் தெரிந்த முகத்தைக் கண்டு நடுங்குகிறான். வரைந்தவர் பெர்னார்ட் கிரிக்ஸ்டீன். அவருக்குத் தரப்பட்டவை ஆறு பக்கங்கள். பன்னிரண்டு கேட்டுப் போராடி எட்டு வாங்கினார். வசனம் எழுதப்பட்டே வந்த தாள்களை வெட்டி, புதிதாக ஒட்டி, கட்டங்களைப் பெருக்கினார். கடைசியில் அவன் ஓடிச் சறுக்கி விழும் சில நொடிகள் ஒல்லியான கட்டங்களாக நீள்கின்றன. கடந்துபோகும் ரயிலின் ஜன்னல்களில் ஒரே முகங்கள் திரும்பத் திரும்பத் தெரிகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. நேரத்தை நீட்டவே அவருக்கு அத்தனை கட்டங்கள் தேவைப்பட்டன. உங்கள் பக்கங்களிலோ, கிழவி காபி குடிப்பதற்கும் எட்டுச் சாய்வுக் கட்டங்கள்!

இன்னொன்று. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. படத்தை வரைந்து முடித்துவிட்டு வசனக் குமிழைத் திணித்தால் முகங்கள் மறையும். உங்கள் இரண்டாம் பக்கத்தில் மறைந்தேவிட்டன. வசனத்தை முதலில் எழுதி, அதற்கு இடம் ஒதுக்கிய பிறகு ஆட்களை நிறுத்துங்கள்.

ஐந்தாம் பக்கம் இப்போது காலியாகிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். அவள் கதவிலிருந்து கிணற்றடிக்கு நடக்கும் இருபது அடியை அந்தப் பக்கம் முழுவதும் வரையுங்கள். ஒரே அளவுக் கட்டங்கள், வசனமே வேண்டாம். இடுப்பில் வெறும் குடம் இருக்கட்டும்.