உங்கள் வழக்கை நீங்களே பேசாதீர்கள்

கேள்வி: 2017இல் அண்ணன் என்னை நம்பிக் கட்டிய சீட்டுப் பணம் 80,000 ரூபாவை எடுத்துச் செலவழித்துவிட்டேன். பிறகு முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன், அவரும் மன்னித்துவிட்டார். ஆனாலும் இரவில் ஜெபிக்க முழங்காலிட்டவுடன், “திருடனுக்கு எதற்கு ஜெபம்?” என்று மனம் குத்துகிறது. இது பிசாசின் போராட்டம், 21 நாள் உபவாசமும் 10,000 ரூபா காணிக்கையும் வேண்டும் என்கிறார் ஜெபக்குழு நடத்தும் ஒருவர். என் விசுவாசம் போதாதா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் கடிதத்தில் ‘தகுதியில்லை’ என்ற சொல் ஏழு இடங்களில் இருக்கிறது. கடைசி இடத்தில் பேனா தாளையே கிழித்திருக்கிறது. அண்ணன் மன்னித்த செய்திக்கு ஒரே வரி, அதுவும் ஓரத்தில் இடுக்கி எழுதியது. உங்கள் விசுவாசத்தை நிறுக்க என்னிடம் தராசு இல்லை. ஆனால் நீங்கள் எந்தப் பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறீர்கள் என்பது அந்தத் தாளில் தெரிகிறது.

‘சாத்தான்’ என்ற எபிரேயச் சொல்லுக்கு எதிராளி, குற்றஞ்சாட்டுகிறவன் என்று பொருள். கொம்பையும் வாலையும் விடுங்கள். அவன் வேலை வழக்காடுவது. புதுக்கடை நீதிமன்றங்களுக்கு அலைந்தவர்கள் வேதாகமத்தில் சகரியா 3ஆம் அதிகாரத்தை வாசித்தால் உடனே பிடிபடும். பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான். வலப்பக்கத்தில் சாத்தான். அந்த அதிகாரம் முழுவதிலும் யோசுவா ஒரு வார்த்தை பேசுவதில்லை. உடை சுத்தமாகத்தான் இருக்கிறது என்று கர்த்தரும் வாதாடுவதில்லை. “அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி” என்கிறார். கொள்ளியென்றால் கரி இருக்கத்தான் செய்யும். கரியை மறுக்காமலே எதிராளியை அதட்டி அடக்கிவிட்டு, உடையை மாற்றச் சொல்கிறார்.

நீங்களோ ஒவ்வோர் இரவும் எழுந்து நின்று வாதாடுகிறீர்கள். “திருப்பிக் கொடுத்துவிட்டேனே” என்கிறீர்கள்; “எடுத்தது எடுத்ததுதானே” என்று பதில் வருகிறது. அந்த வாதத்தில் உங்களால் வெல்ல முடியாது, ஏனென்றால் எடுத்தது உண்மை. அடுத்த முறை, “ஆம், எடுத்தேன். மிச்சத்தை என் ஆண்டவரிடம் கேள்” என்று சொல்லிவிட்டு, பரமண்டல ஜெபத்தை விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

‘பரிசுத்த ஆவியானவரே உணர்த்துகிறாரோ’ என்ற பயம் வரலாம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் வந்த உறுத்தலை நினைத்துப் பாருங்கள். இன்ன தொகை, இன்னாருக்கு, போய்க் கொடு என்றது; கொடுத்ததும் அடங்கியது. இப்போது வருவதற்குத் தொகையும் இல்லை, செய்யச் சொல்லும் காரியமும் இல்லை. ‘திருடன்’ என்ற பட்டம் மட்டும் இருக்கிறது.

போராட்டமே வராது என்று இயேசு தம் சீடன் பேதுருவுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கோதுமையைச் சுளகினால் புடைப்பதுபோல் சாத்தான் உங்களைப் புடைக்க உத்தரவு கேட்டிருக்கிறான் என்று முகத்துக்கு நேரே சொன்னார் (லூக்கா 22). சுளகு நம் வீடுகளில் இன்னும் புழங்கும் சொல்; அரிசி புடைத்த கைகளுக்கு அந்தக் குலுக்கல் தெரியும். பேதுரு அன்றிரவே இயேசுவை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்தான். ஆனால் “நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்” என்பது அதற்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. நீங்கள் முழங்காலிடும்போது ஜெபம் உங்களிலிருந்தா தொடங்குகிறது?

அந்த 10,000 ரூபா விஷயம். உபவாசம் நல்லது, இருக்க விரும்பினால் இருங்கள். ஆனால் சிலுவையில் தீர்ந்த கடனுக்கு வட்டி வசூலிக்க இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சீட்டுப் பணத்தால் நொந்தவரிடமே இன்னொரு சீட்டுப் பிடிக்கிறார்.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்கிறேன். வாரக்கணக்கில் தூக்கமில்லையா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா, குரல் வெளியிலிருந்து காதில் விழுவதுபோல் கேட்கிறதா? அப்படியானால் தாமதிக்காமல் வைத்தியரைப் பாருங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவரை யாரும் அவிசுவாசி என்பதில்லை.

அண்ணன் வீட்டுக்கு இரண்டு வருடமாகப் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் அழைத்தும் போகவில்லையாம். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போங்கள். காணிக்கைக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் எடுத்து, அவருடைய பிள்ளைகளைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிச்சென்று இறால் வடை வாங்கிக் கொடுங்கள்.