ஜார்ஜியாவின் வரலாற்று மனிதர்கள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சார், ஜார்ஜியா என்றதும் எனக்கு ஸ்டாலின் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை. அவரை அங்கே எப்படிப் பார்க்கிறார்கள்?

முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும் என்று தெரியும்! 1878ல் கோரி என்ற ஊரில் பிறந்தவர். தலைநகர் திபிலீசியில் பாதிரியார் படிப்புக்குப் போனார், ஜார்ஜிய மொழியில் கவிதையும் எழுதினார். 1895ல் அவற்றை 'இவேரியா' பத்திரிகை வெளியிட்டது. அதை நடத்தியவர் இலியா சாவ்சவாட்சே. அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சொந்த மண்ணுக்கு ஸ்டாலின் செய்தது என்ன? 1918 மே 26ல் விடுதலை அறிவித்த ஜார்ஜியக் குடியரசை 1921 பிப்ரவரியில் ரஷ்யக் கம்யூனிஸ்டுகளின் செஞ்சேனை புகுந்து முடித்தது. அதற்கு முன்னின்றவர்கள் ஸ்டாலினும் இன்னொரு ஜார்ஜியரான ஓர்ஜோனிகிட்சேயும். ஸ்டாலின் ஆட்சி எதிரிகள் என்று கருதியவர்களை ஒழித்த 1937 களையெடுப்பில் தித்சியான் தபிட்சே என்ற அருமையான கவிஞரைச் சுட்டுக் கொன்றார்கள். கோரியின் மையத்தில் நின்ற ஸ்டாலின் சிலையை 2010ல் எடுத்துவிட்டார்கள். அருங்காட்சியகம் மட்டும் இன்னும் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் ஜார்ஜியர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அரசர் யார்?

நான்காம் தாவித். 'கட்டியெழுப்பியவர்' என்பது அவருடைய பட்டப்பெயர். 1089ல் அரியணை ஏறியபோது வயது 16. செல்ஜுக் துருக்கியர் நாட்டையே சூறையாடிக்கொண்டிருந்த காலம் அது. சொந்தப் பிரபுக்களை நம்பி மட்டும் போர் செய்ய முடியாது என்று புரிந்துகொண்டு, காகசஸுக்கு வடக்கே இருந்த கிப்சாக் நாடோடிகளைக் குடும்பம் குடும்பமாக வரவழைத்துக் குடியமர்த்தினார். 40,000 குடும்பங்கள் என்கிறது பழைய வரலாற்று நூல். 1121 ஆகஸ்ட் 12ல் தித்கோரி என்ற இடத்தில் செல்ஜுக்குகளின் பெரும்படை ஒன்றை முறியடித்தார். மறு ஆண்டே திபிலீசி கைக்கு வந்தது.

போரைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நகரத்து முஸ்லிம்கள் மனம் புண்படக்கூடாது என்று அவர்கள் பகுதியில் பன்றி அறுப்பதைத் தடுத்தார். இதை எழுதி வைத்தவர்கள் முஸ்லிம் வரலாற்றாசிரியர்களே. அவர் 1106ல் தொடங்கிய கெலாத்தி மடத்தின் வாசலில், வருபவர் மிதித்துப் போகும்படி கிடக்கும் கல்தான் அவருடைய சமாதி என்பது மரபு.

கேள்வி: ராணி தமார் அழகில் மயங்கி அரசர்கள் சண்டை போட்டார்களாமே, உண்மையா அண்ணா?

அழகுக் கதைகள் நிறைய உண்டு தம்பி, அதெல்லாம் பிற்காலத்தார் சேர்த்த மசாலா. நடந்த கதையே சுவையானது. தமார் தாவித்தின் கொள்ளுப்பேத்தி. 1184ல் தனியாக ஆளத் தொடங்கியதும், பிரபுக்கள் வற்புறுத்தி யூரி என்ற ரஷ்ய இளவரசனைக் கட்டிவைத்தார்கள். ஒத்துவரவில்லை. மணவிலக்குச் செய்து கான்ஸ்டான்டிநோபிளுக்கு அனுப்பிவிட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில்! அவன் சில பிரபுக்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தான், தோற்றான், மறுபடி வந்தான், மறுபடியும் தோற்றான். அதற்குள் தமார் தாவித் சோஸ்லானை மணந்திருந்தார். 1195ல் ஷம்கோர் போரில் படை நடத்தி வென்றவர் இந்தக் கணவர்தான். ஜார்ஜியர்களின் தேசியக் கவிஞர் ருஸ்தவேலியின் காவியம் பிறந்ததும் தமார் காலத்தில்தான்.

கேள்வி: கோவாவில் ஒரு ஜார்ஜிய ராணியின் எலும்பு கிடைத்ததாகப் படித்தேன். அங்கே எப்படி வந்தது?

அவர் கெத்தெவான், ககேதி நாட்டு ராணி. பாரசீகத்தின் ஷா அப்பாஸிடம் சமாதானம் பேசப் போனவரைப் பிணையாகவே வைத்துக்கொண்டார்கள். மதம் மாற மறுத்ததால் 1624ல் ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்து கொன்றார்கள். அங்கிருந்த போர்ச்சுகீசிய அகஸ்டீனியத் துறவிகள் உடலின் எச்சங்களில் ஒரு பகுதியைக் கோவாவுக்குக் கொண்டு வந்தார்கள். பழைய கோவாவின் புனித அகஸ்டீன் ஆலய இடிபாட்டில் கிடைத்த எலும்பை ஹைதராபாத்தின் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வகம் மரபணுச் சோதனை செய்தது. 2021ல் இந்திய அரசு அதில் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்கு அளித்தது.

கேள்வி: இலியா சாவ்சவாட்சே?

நவீன ஜார்ஜிய தேசியத்தின் தந்தை என்றால் மிகையில்லை. ரஷ்யப் பேரரசின் கீழ் தாய்மொழி நசுங்கிய நாட்களில், 1879ல் எழுத்தறிவுச் சங்கம் அமைத்துப் பள்ளிகள் திறக்க வழி செய்தார். 1907ல் சித்சமுரி அருகே வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள். ஏவியவர் யார் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

கேள்வி: உங்களுக்குப் பிடித்தவர் யார் சார்?

எக்வ்திமே தக்காய்ஷ்விலி. வாளேந்தாத ஆய்வாளர். 1921ல் அரசு தப்பி ஓடியபோது நாட்டின் பொன், ஓவிய, ஏட்டுச் செல்வங்களோடு பிரான்ஸ் போனார். அங்கே வறுமை. மனைவியும் அங்கேயே இறந்தார். ஆனாலும் ஒரு பொருளைக்கூட விற்கவில்லை. 1945ல் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டு வந்து சேர்த்தார். சோவியத் அரசு அவரைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. 1953ல் இறந்தவரை 2002ல் ஜார்ஜியத் திருச்சபை புனிதராக அறிவித்தது.

கேள்வி: செஸ் விளையாடும் பெண்கள் அங்கே நிறையவாமே?

ஆமாம். 1962 முதல் 1978 வரை நோனா கப்ரிந்தாஷ்விலி, பிறகு 1991 வரை மையா சிபுர்தானிட்சே. ஆக, 29 ஆண்டுகள் மகளிர் உலகப் பட்டம் இரண்டு ஜார்ஜியர் கையில்தான் இருந்தது. கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் நோனாவே. அவர் ஆண்களோடு ஆடியதே இல்லை என்று ஒரு இணையத் தொடரில் வசனம் வந்தது. 80 வயதில் வழக்குப் போட்டார்! 1968க்குள்ளேயே குறைந்தது 59 ஆண்களோடு ஆடியிருக்கிறேன் என்பது அவர் வாதம். 2022ல் வழக்கு சமரசமாக முடிந்தது.