பால்சம்ரூட்: பல ஆண்டு வாழும் காட்டு டெய்சி

மழை குறைந்த இடத்தில் ஒரு பூச்செடி எப்படிப் பல ஆண்டு பிழைக்கிறது? அமெரிக்காவின் மேற்கே, ராக்கி மலைச் சரிவுகளிலும் புதர் மண்டிய வறண்ட சமவெளிகளிலும் தானாக வளரும் ஆரோலீஃப் பால்சம்ரூட் இதற்கு நல்ல உதாரணம். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் டெய்சி இது. அம்பு முனை போன்ற பெரிய இலைகள். தடவிப் பார்த்தால் வெல்வெட் துணிபோல இருக்கும். அந்த வெண்சாம்பல் ரோமம் வெயிலைத் திருப்பி அனுப்பி, நீர் ஆவியாவதைக் குறைக்கிறது.

உண்மையான சூட்சுமம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மரம்போல் தடித்த ஆணிவேர் இரண்டு மீட்டர்கூட இறங்கும். பனி உருகும் வசந்தத்தில் இலைகள் சமைத்த உணவு அங்கே போய்ச் சேர்கிறது. அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி, ஆண்டு முழுவதும் எடுத்துச் சமைப்பதைப் போலத்தான். காட்டுத்தீ மேலே எரித்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். பிசின் மணக்கும் அந்த வேரை அங்குள்ள பூர்வகுடிகள் சுட்டும் வேகவைத்தும் உண்டார்கள். குதிர் நிரம்ப நாளாகும் என்பதால், விதையிலிருந்து முதல் பூ வரப் பல ஆண்டுகள் பிடிக்கும். வீட்டில் வளர்க்க நினைப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும்!

கோடை நடுவில் இலைகள் சருகாகி, கையில் எடுத்தால் நொறுங்கும். செடி செத்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். உண்மையில் அது அடுத்த வசந்தம்வரை உறங்குகிறது.