குழு ஊர் மாறலாமா?

கேள்வி: மணப்பாறையில் பதினைந்து பேர் சேர்ந்து பல வருடங்களாக நாடகக் குழு நடத்துகிறோம். ஒத்திகை பார்த்துவந்த கல்யாண மண்டபத்தை விற்றுவிட்டார்கள். இளைஞர்கள் சிலர் வேலைக்காகத் திருச்சிக்குப் போய்விட்டார்கள். அங்கே குறைந்த வாடகையில் இடம் கிடைக்கிறது. மாறிவிடலாம் என்றால், மூத்தவர்கள் ‘ஊருக்குச் செய்யும் துரோகம்’ என்கிறார்கள். செயலாளரான நான் என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: துரோகம் என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவையுங்கள். நாடகக்காரர்கள் ஊர் மாறுவது புதிதா என்ன? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பால சபை என்ற சிறுவர் நாடகக் குழு, ஊர் ஊராக முகாம் போட்டுத்தான் பிழைத்தது. அவர் 1922-ல் காலமானதும் புதுச்சேரியில்தான். ஆனால் இதைக் காட்டி மூத்தவர்களிடம் வாதாடிவிடாதீர்கள். அந்தக் கால நாடகக் கம்பெனிகளில் நடிகர்களுக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம் கம்பெனி வீட்டில்தான். கம்பெனி கிளம்பினால் எல்லோரும் கிளம்பினார்கள். உங்கள் ஆட்களுக்குக் கடையும் குடும்பமும் மணப்பாறையில் அல்லவா இருக்கின்றன?

ராத்திரி எட்டு மணிக்குக் கடையைச் சாத்துகிற மனிதர், சுமார் 40 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், ஒத்திகை முடித்து, நடுராத்திரியில் வீடு திரும்ப வேண்டும். முதல் மாதம் வருவார். அப்புறம் “இன்னிக்கு முடியல தம்பி” என்று போன் வரும். கொஞ்ச நாளில் அவர் வேஷத்தை வேறு யாருக்காவது கொடுப்பீர்கள். யாரும் யாரையும் நீக்காமலே மூத்தவர்கள் வெளியே நிற்பார்கள். அவர்கள் கோபத்துக்குப் பின்னால் இந்தப் பயம்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே தலையை எண்ணுங்கள். வாரம் இரண்டு நாள் திருச்சிக்கு உண்மையாகவே வர முடிந்தவர்கள் எத்தனை பேர்? நாலைந்து பேர்தான் என்றால், இளைஞர்கள் அங்கே புதுக் குழு தொடங்கட்டும், தப்பே இல்லை. ஆனால் புதுப் பெயரில் தொடங்கட்டும். பழைய பெயர், ஆர்மோனியம், உடைப்பெட்டி எல்லாம் ஊரிலேயே இருக்கட்டும். ‘உபயம்’ என்று உள்ளூர்க்காரர் பெயர் எழுதிய திரைச்சீலை ஒன்றாவது உங்களிடம் இருக்குமே? அதைத் திருச்சியில் கட்டினால் அந்தப் பெயரை யார் படிக்கப் போகிறார்கள்?

பெரும்பாலோர் வர முடியும் என்றால் தாராளமாக மாறுங்கள். வருஷத்துக்கு ஒரு நாடகம் மணப்பாறையில் என்று தீர்மானம் போட்டுவிட்டு மாறுங்கள்.

கூரைதான் பிரச்சினை என்றால் இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். பள்ளிக்கூட வராந்தா, வேலை இல்லாத நாளில் ரைஸ்மில் களம், எதையாவது கேட்டுப் பாருங்கள். கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற சின்ன கிராமத்தில் 1949-ல் தொடங்கிய நீநாசம் என்ற நாடக அமைப்பு, இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1985 முதல் அவர்களுடைய பயணக் குழு மாநிலம் முழுக்க நாடகம் போட்டுவருகிறது. ஒத்திகை ஊரில், நாடகம் திருச்சியில் என்று நீங்களும் யோசிக்கலாமே.

இன்னொன்று. குழு பதிவான சங்கமா? அப்படியானால் பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் போட வேண்டும். முகவரி மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சாமான்களைச் செயலாளர் தன் இஷ்டத்துக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போடுவதற்கு முன், குழுவில் மூத்தவர் யாரோ அவர் வீட்டுக்கு நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். திருச்சி இடத்துக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால், பொதுக்குழு முடியும்வரை கொடுக்காதீர்கள்.