மாத்திரையில் மருந்து போக மீதி

வணக்கங்க. அம்மாவுக்கு வலிப்புக்காக ஃபெனிடாய்ன் மாத்திரை பல வருசமா ஓடுது. போன மாசம் மருந்துக்கடையில் வேற கம்பெனி மாத்திரையைக் கொடுத்து, "உள்ளே இருக்கிற மருந்து ஒண்ணுதானுங்க" என்றார்கள். சரி, மீதி மாவை யார் பார்க்கிறது? என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவி மாத்திரையைக் கரைக்காமலே உள்ளே இருப்பதைக் காட்டுமாமே? போட்டிருப்பது நம்ம சேலத்துக் கிழங்கு மாவா, மக்காச்சோள மாவா என்றும் சொல்லுமா?
(கோபியிலிருந்து ஒரு வாசகர்)

வணக்கம்.

ஃபெனிடாய்ன் என்பதால் ஒரு பழைய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் இதே மருந்தின் கேப்ஸ்யூலில் நிரப்பியாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸைப் (பால் சர்க்கரை) போட்டார்கள். மருந்தின் அளவில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் மருந்து ஏறி, பலர் நடை தள்ளாடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கால்சியம் சல்ஃபேட் இருந்தவரை மருந்தில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதனால் கம்பெனி மாறியதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் ரத்தத்தில் அளவு பார்க்கச் சொல்வார். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், அது இன்னும் ஆபத்து.

இனி கருவி. லாக்டோஸ் என்று அட்டையில் ஒரே பேராகப் போட்டாலும், நீரோடு சேர்ந்த ஆல்ஃபா வடிவம், நீரில்லாத பீட்டா வடிவம் என்று அதில் வகைகள் உண்டு. மாத்திரையாக அழுத்தும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். தண்ணீரில் கரைத்தால் ஒன்று இன்னொன்றாக மாறத் தொடங்கிவிடும், அப்புறம் மாத்திரைக்குள் எது இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திடப்பொருளாகவே காந்தப்புலத்தில் வைத்து ரேடியோ அலையைச் செலுத்தினால், கார்பன் அணுக்கள் தாங்கள் இருக்கும் சூழலுக்கேற்ப கருவியின் வரைபடத்தில் வேறு வேறு இடத்தில் கோடு காட்டும். தொல்லை என்னவென்றால், திடப்பொருளில் அந்தக் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று குழம்பிப்போகும். அதற்காக மாத்திரையைப் பொடித்து, சிர்க்கோனியா என்கிற கெட்டியான பீங்கானில் செய்த சின்னக் குழாயில் அடைத்து, காந்தப்புலத்துக்கு 54.7 டிகிரி சாய்த்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழற்றுவார்கள், கோடுகள் ஒடுங்கித் தனித்தனியாகத் தெரியும். 1958-59லேயே வந்த யோசனை இது, எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

ஆனால் இதை வைத்து ஒவ்வொரு பேட்ச்சையும் சோதிப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கருவி கோடிக்கணக்கில் விலை, தவிர கார்பனில் 1.1 சதவீதம் மட்டுமே இதற்குப் பதில் பேசும் என்பதால் ஒரு மாத்திரைக்கே மணிக்கணக்கில் ஓட்ட வேண்டியிருக்கும். மாவு அச்சில் ஒட்டாமலிருக்கப் போடும் மெக்னீசியம் ஸ்டியரேட் மாதிரி சதவீதம் ஒன்றை ஒட்டி இருக்கும் சரக்கைப் பிடிப்பது சிரமம். புது மாத்திரையை வடிவமைக்கும்போதும், சரியாகக் கரையவில்லை என்று சிக்கல் வந்தபோதும்தான் இதைத் தேடிப் போவார்கள்.

கிழங்கு மாவு விஷயத்தில் இந்தக் கருவியை நம்ப வேண்டாம், இரண்டு மாவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கோடு காட்டும். சாதாரண மைக்ராஸ்கோப் போதும்: மக்காச்சோளத் துகள் கோணல்மாணலாக முனைகளோடு இருக்கும், மரவள்ளித் துகள் உருண்டையாக ஒரு பக்கம் வெட்டினாற்போல இருக்கும். முன்பே வேகவைத்த மாவைப் போட்டிருந்தால் மைக்ராஸ்கோப்பிலும் இந்த வித்தியாசம் தெரியாது.