ராணி செத்துட்டா அடுத்து யாரு?

கேள்வி: அண்ணே, எங்க லயத்துக்குப் பின்னாடி ஏலக்காட்டுல ஒரு எறும்பு இருக்கு. கட்டெறும்பை விட நீளம், முட்டைக்கண்ணு, வாய் நீட்டிக்கிட்டு இருக்கும், கிட்ட போனா டபக்குன்னு துள்ளுது. இதோட ஜீனை எல்லாம் அமெரிக்காவுல படிச்சுட்டாங்கன்னு காலேஜ் படிக்கிற மகன் சொல்றான், நெசமா? எறும்பு ஜீனைப் படிச்சு என்ன ஆகப்போகுது?
– ஒரு வாசகி, வண்டிப்பெரியார்

பதில்: நெசந்தான்க்கா. நீங்க சொல்ற அடையாளத்தைப் பார்த்தா அது ஹார்பெக்நேத்தஸ் சால்டேட்டர். முதன்முதலா முழு ஜீனோம் (அதாவது மொத்த ஜீன் தொகுப்பு) படிச்ச எறும்பு ரெண்டு, 2010ல வெளிவந்துச்சு, ஒண்ணு ஃப்ளோரிடா கட்டெறும்பு, இன்னொண்ணு நம்ம மலைக்காட்டு ஆளு!

ஏன் இதைப் புடிச்சாங்கன்னா, அந்த ஃப்ளோரிடா எறும்புல ராணி செத்தா கொஞ்ச நாள்ல கூடே காலி. இதுல அப்படி இல்ல. ராணி போனதும் வேலைக்கார எறும்புங்க ஜோடி ஜோடியா எதிரெதிரே நின்னு மீசைக்கொம்பால அடிச்சுக்கும், ஒண்ணு அடிச்சுக்கிட்டே முன்னேற மத்தது பின்வாங்கும், அப்புறம் அது முன்னேற இது பின்வாங்கும், இப்படியே வாரக்கணக்கா ஓடும். ஜெயிச்சதுங்க முட்டை போட ஆரம்பிச்சிடும். 7 மாசம் வாழ வேண்டியது 4 வருஷம் வரைக்கும் வாழும், மூளை மட்டும் அஞ்சுல ஒரு பங்கு சுருங்கிடும் (பதவி வந்தா அப்படித்தான்னு நீங்க சொன்னா நான் மறுக்கல). அந்தப் பதவியைப் பறிச்சு மறுபடி வேலைக்காரியா ஆக்கினா மூளை பழையபடி வளந்துடுதுன்னு 2021ல காட்டினாங்க.

இத்தனைக்கும் ஜீன் அதேதான், எது ஆன் எது ஆஃப்ங்கிறது மட்டுந்தான் மாறுது. பொதுவா இன்சுலின் வேலை கூடினா முட்டை கூடும், ஆயுசு குறையும். இந்த எறும்போட சினைப்பை ஒரு புரதத்தைச் சுரந்து அந்த ஆயுசைக் குறைக்கிற பக்கத்தை மட்டும் அடைச்சிடுது. வயசாகுறதைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க இதைச் சும்மா விடுவாங்களா?

பரிணாமம்னு பார்த்தா மோப்ப ஜீன்தான் பெரிய சமாச்சாரம். பழ ஈக்கு வாசனை புடிக்கிற ஜீன் 60 சொச்சம், இதுக்கு 300க்கு மேல. ஒரே ஜீன் பக்கத்துலயே காப்பி ஆகி, காப்பி கொஞ்சம் கொஞ்சமா மாறி இவ்வளவு சேந்திருக்கு. யாரு ராணி, யாரு அந்நியம்னு எல்லாமே வாசம் வச்சுத்தானே இதுங்க கண்டுபிடிக்குது. அந்த மோப்பத்துக்கு ஆதாரமான ஆர்கோங்கிற ஒரு ஜீனை 2017ல கெடுத்துப் பார்த்தாங்க, அவ்வளவுதான், எறும்பு கூட்டை விட்டுட்டு தனியா அலைய ஆரம்பிச்சிடுச்சு.

கேள்வி: 2022ல திண்டுக்கல் கரந்தமலையில ஆடு மாட்டை எல்லாம் பாடாப் படுத்துன மஞ்சள் எறும்பையும் இப்படிப் படிச்சாங்களா?
– கம்பம்மெட்டு வாசகர்

பதில்: படிச்சாங்க, 2023ல வந்த முடிவு இன்னும் விநோதம். அதுல ரெண்டு மரபு வழி இருக்கு. முட்டையும் விந்தும் வேற வேற வழியா இருந்து ஒண்ணாக் கலந்தா வேலைக்கார எறும்பு, கலக்காம ஒரே முட்டைக்குள்ள தனித்தனியா பெருகினா ஆண் எறும்பு. அதாவது ஆண் எறும்பு உடம்புல சில செல் அம்மா வழி மட்டும், சில செல் அப்பா வழி மட்டும். வேற எந்த உயிர்லயும் இதுவரைக்கும் இது வழக்கமான பிறப்பு முறையா இருந்து பார்த்ததில்லையாம்.